சொந்தமாக ஒரு ஸ்டேஷன் இருந்தால் விண்வெளி கேமில் நோக்கம் வந்துவிடுமா?

விண்வெளி சாண்ட்பாக்ஸ் கேம் ஒன்றைப் புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதல் சில வாரங்கள் போவதே தெரியாது. கையில் ஒரு சின்ன விண்கலம், கொஞ்சம் கிரெடிட் (கேமுக்குள் புழங்கும் பணம்), எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஒரு ஸ்டேஷனில் சரக்கு வாங்கி இன்னொன்றில் விற்கலாம், விண்கற்களை வெட்டித் தாது எடுக்கலாம், கொள்ளையரை வேட்டையாடலாம், நாமே கொள்ளையராகவும் மாறலாம். இப்படி, என்ன செய்வது என்ற முடிவை முழுக்கப் பிளேயரிடம் விட்டுவிடும் கேம்களைத்தான் சாண்ட்பாக்ஸ் என்கிறார்கள். இதை முடித்தால் ஆட்டம் முடிந்தது என்று இங்கே எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு கட்டத்தில் அலுப்புத் தட்டும். பெரிய கப்பல் வாங்கியாயிற்று, பணமும் சேர்ந்துவிட்டது. அடுத்து என்ன? இன்னும் பெரிய கப்பல். அதற்கு அப்புறம்? பணம் சேர்ப்பதே இன்னும் வேகமாகப் பணம் சேர்க்கத்தான் என்று ஆகிவிட்டால், பலர் கேமை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போது ரசிகர்களிடமிருந்து தவறாமல் எழும் கோரிக்கை ஒன்று உண்டு: எங்களுக்கென்று சொந்தமாக ஒரு பேஸ் கட்ட வழி செய்யுங்கள். கிரகத்தில் ஒரு தளமோ, விண்வெளியில் ஒரு ஸ்டேஷனோ, ஏதோ ஒன்று. எங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் கேமுக்கு நோக்கம் வந்துவிடுமா? வரும் என்றுதான் நான் நம்புகிறேன். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நாளைக்கு அந்த பேஸ் காணாமல் போனால், உங்களைத் தவிர வேறு யாருக்காவது, அல்லது அந்த உலகத்தில் எதற்காவது, ஒரு குறை ஏற்பட வேண்டும். ஏற்பட்டால் அந்த பேஸ் உங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஏற்படாவிட்டால் கட்டி முடித்ததும் பழைய அலுப்பு திரும்பி வந்துவிடும்.

ஒரு கப்பல் மட்டும் சொந்தமாக இருந்த காலம்

இந்த வகை கேம்களுக்கு முன்னோடி 1984இல் வந்த 'எலைட்'. டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு பேர் எழுதியது. எட்டு கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 256 கிரக மண்டலங்கள். அத்தனை பெரிய உலகத்தில் பிளேயருக்குச் சொந்தமானது அவருடைய கப்பலும் அதிலுள்ள சரக்கும்தான். ஸ்டேஷன் எல்லாம் வெறும் நிறுத்தம்: இறங்கு, விற்று வாங்கு, கிளம்பு.

2003இல் வந்த 'ஃப்ரீலான்சர்' கேமிலும் இதே கதைதான். அழகான உலகம், நல்ல கதை. கதை முடிந்ததும் அதே பாதைகளில் அதே சரக்கை ஏற்றி இறக்க வேண்டியதுதான். அந்த கேமை விட மனமில்லாத ரசிகர்கள் 'டிஸ்கவரி' என்ற மோடை, அதாவது அந்த கேமை மாற்றியமைத்த ரசிகர் பதிப்பை, உருவாக்கி இன்றுவரை ஆன்லைனில் ஆடுகிறார்கள். அதில் அவர்கள் சேர்த்த விஷயங்களில் ஒன்று, பிளேயர்களே கட்டி நடத்தும் பேஸ். அதில் இருக்கும் ஊழியர்களுக்கு உணவு, தண்ணீர், ஆக்சிஜன் என்று தொடர்ந்து கொண்டுவந்து கொட்டியாக வேண்டும். உணவும் தண்ணீரும் அதுவரை விலைப்பட்டியலில் இருந்த இரண்டு சரக்குகள்தான். பேஸ் வந்த பிறகு அவற்றை ஏற்றிப் போவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. இந்தச் சின்ன மாற்றம் எனக்கு ரொம்பவும் பிடித்தது. ஏற்கெனவே இருந்த வேலைக்கு மதிப்பு ஏற்றியிருக்கிறார்கள்.

வீடாக இருக்கும் பேஸ்

பேஸ் என்ற ஒரே பெயரில் வேறுவேறு விஷயங்கள் நடக்கின்றன. 'நோ மேன்ஸ் ஸ்கை' கேமில் அது ஒரு வீடு. 2016 ஆகஸ்ட்டில் அந்த கேம் வெளியானபோது அதில் 18 குவின்டில்லியனுக்கும் மேற்பட்ட கிரகங்கள், அதாவது 18க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணிக்கை. ஆனால் எந்தக் கிரகத்துக்கும் திரும்பிப் போகக் காரணம் இல்லை. பார்த்தோம், பெயர் வைத்தோம், கிளம்பினோம். வந்த விமர்சனங்களில் 'இதில் செய்ய ஒன்றுமில்லை' என்பது பெரிதாக ஒலித்தது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஃபவுண்டேஷன்' அப்டேட்தான் பேஸ் கட்டும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே கட்ட முடிந்தது. 2018இல் 'நெக்ஸ்ட்' அப்டேட் வந்த பிறகு விரும்பிய இடத்தில் கட்டலாம் என்றானது. 2019இல் 'பியாண்ட்' அப்டேட் மின்சாரத்தையும் ஒயரிங்கையும் கொடுத்தது. சோலார் பேனல் போட்டு, இரவுக்கு பேட்டரி வைத்து, கதவுக்கு சுவிட்ச் இழுத்து என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யலாம். டெலிபோர்ட்டர் ஒன்றை வைத்துவிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இது நோக்கமா? ஒரு வகையில் ஆமாம். எல்லையில்லாத வெளியில் 'இது என் இடம்' என்று ஒரு புள்ளி இருப்பதே பயணத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கிறது. போவது என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால் திரும்புவது என்றும் ஒன்று இருக்க வேண்டுமே. ஆனால் கட்டி முடித்த வீட்டுக்கு உங்களிடமிருந்து எதுவும் தேவைப்படாது. நீங்கள் ஆறு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் அது அப்படியே இருக்கும். உருவாக்குவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இது போதும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு, கூரை போட்ட அன்றே வேகம் குறைந்துவிடும்.

அந்த கேமின் ரசிகர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். 'கேலக்டிக் ஹப்' என்ற பெயரில் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய்க் கூட்டமாகக் குடியேறினார்கள். பக்கத்தில் மனிதர்கள் வந்து பார்க்கிறார்கள் என்றவுடன் அதே பேஸ் வேறொன்றாகிவிடுகிறது. வழி தவறி வருபவருக்கு ஒரு இறங்குதளம் வைக்கத் தோன்றுகிறது, பெயர்ப்பலகை மாட்டத் தோன்றுகிறது. கேமின் விதி எதுவும் மாறவில்லை, பார்ப்பதற்கு ஆள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2023இல் வந்த 'ஸ்டார்ஃபீல்டு' இதற்கு எதிர்ப்பக்கம். அவுட்போஸ்ட், அதாவது கிரகத்தில் ஒரு பேஸ், கட்ட விரிவான கருவிகள் இருக்கின்றன, சுரங்க இயந்திரங்கள், சரக்கு இணைப்புகள், ஊழியர்கள் என்று எல்லாமே உண்டு. ஆனால் அங்கே எடுக்கும் தாதுப்பொருள்களைக் கடையிலும் வாங்கலாம். ஆடுவது நீங்கள் ஒருவர் மட்டும். அவுட்போஸ்ட் ஒன்றுகூட வைக்காமல் முழுக் கதையையும் முடித்துவிடலாம். அவ்வளவு உழைப்பும் ஓரமாக நின்றுவிடுகிறது. கருவிகள் போதவில்லை என்று சொல்ல முடியாது. கட்டியதை நம்பியிருக்க அங்கே யாரும் இல்லை.

உலகம் உங்கள் தொழிற்சாலையை நம்பியிருந்தால்

தனியாக ஆடும் கேமிலும் பேஸுக்கு உயிர் கொடுக்க முடியும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் 'எக்ஸ்4: ஃபவுண்டேஷன்ஸ்'. ஜெர்மனியைச் சேர்ந்த ஈகோசாஃப்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. இதில் இன்னொரு பிளேயர் கிடையாது. ஆனாலும் உங்கள் ஸ்டேஷன் இல்லாவிட்டால் உலகத்தில் ஏதோ ஒன்று நின்றுபோகும். அது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

இந்த கேமில் கப்பல்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. கணினி இயக்கும் அரசுகளின் கப்பல்கள்கூட ஏதோ ஒரு கப்பல்கட்டும் தளத்தில், உண்மையிலேயே வந்து சேர்ந்த பொருள்களைக் கொண்டுதான் கட்டப்படுகின்றன. அதில் முக்கியமான ஒன்று ஹல் பார்ட்ஸ், அதாவது கப்பலின் உடற்பாகம். அதைத் தயாரிக்க மூன்று வேண்டும்: சுத்திகரித்த உலோகம், கிராஃபீன், எனர்ஜி செல். உலோகத்துக்குத் தாதுவும் கிராஃபீனுக்கு மீத்தேனும் வேண்டும். எனர்ஜி செல்லுக்கு சூரிய ஒளி. சுரங்கக் கப்பல் ஒன்று விண்கல்லைக் கொத்தித் தாதுவை எடுத்துவந்து ஸ்டேஷனில் இறக்குகிறது, அது உலோகமாகிறது, உலோகம் ஹல் பார்ட்ஸ் ஆகிறது, அதை வாங்க ஏதோ ஒரு அரசின் சரக்குக் கப்பல் வந்து நிற்கிறது. பிளேயர் அந்த இறங்குதளத்தில் நடந்துபோய் இதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது எல்லையில் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸெனான் என்ற இயந்திரக் கூட்டம் அர்கான் அரசின் பகுதிக்குள் நுழைகிறது. அர்கானின் போர்க்கப்பல்கள் உடைகின்றன. புதிதாகக் கட்ட வேண்டும், ஆனால் கப்பல்கட்டும் தளத்தில் ஹல் பார்ட்ஸ் தீர்ந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து செக்டாரில் உங்கள் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் ஒரு குண்டும் சுடாமல் அந்தப் போரின் போக்கையே மாற்றலாம். உங்கள் சரக்குக் கப்பல் வழியில் கொள்ளை போனால் போர்முனையில் அதன் விளைவு தெரியும். உடனே உங்களுக்கு வேலை வந்துவிடுகிறது: அந்த வழிக்குக் காவல் போட வேண்டும், மீத்தேன் வரத்து குறைகிறதே என்று இன்னொரு வாயுக்கப்பல் வாங்க வேண்டும். மிஷன் பட்டியலைத் திறந்து தேடத் தேவையில்லை. பேஸே அடுத்த வேலையைச் சொல்லிவிடும்.

கேமில் நோக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டிய நிலை போய், அடுத்து எதை முதலில் கவனிப்பது என்று யோசிக்கும் நிலை.

இழக்க முடியும் என்றால்

மனிதர்கள் ஒருவரையொருவர் எதிர்க்கும் உலகத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. 'ஈவ் ஆன்லைன்' ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கியது. சீனாவுக்கென்று தனியாக நடக்கும் சர்வரைத் தவிர்த்தால், எல்லா பிளேயர்களும் ஒரே உலகத்தில் ஆடுகிறார்கள். அங்கே ஸ்டேஷன் என்பது கோட்டை, சந்தை, தொழிற்சாலை, கப்பல் நிறுத்தம் எல்லாம் சேர்ந்தது. அதை வைத்திருப்பது ஒரு கார்ப்பரேஷன், அதாவது பிளேயர்களின் சங்கம். தொழில்வசதிகள் ஓட எரிபொருள் போட வேண்டும், எல்லைப்புறத்தில் இடத்தின் மீதான உரிமையைக் காக்க வேண்டும், எதிரி வந்தால் எழுந்து நிற்க வேண்டும்.

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் நடந்ததை ஈவ் ஆடுபவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஒரு கூட்டணி தன் படைகளை அங்கிருந்த ஸ்டேஷனில் வைத்துப் போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தின் உரிமைக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போனது. உரிமை விழுந்தது, எதிர் அணி பாய்ந்து வந்து ஸ்டேஷனைப் பிடித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட சொத்தை மீட்க எல்லோரும் ஓடி வந்தார்கள். சுமார் 21 மணி நேரம் சண்டை. கேமிலேயே மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிளேயர்கள் ஏதோ ஒரு நேரத்தில் அதில் கலந்துகொண்டார்கள். இழப்பை நிஜப் பணத்தில் கணக்கிட்டால் சுமார் 3 லட்சம் டாலர் வரும் என்று மதிப்பிட்டார்கள். உடைந்த கப்பல்களின் சிதிலம் கேமுக்குள் அதே இடத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது.

இதில் யாரும் எழுதிவைத்த கதை கிடையாது. எந்த மிஷனும் அவர்களை அங்கே அனுப்பவில்லை. ஒரு ஸ்டேஷன் கைமாறியது, அதற்குள் பலருடைய உழைப்பு இருந்தது, அது போதுமாக இருந்தது. கப்பல் மட்டுமே சொந்தமாக இருக்கும் உலகத்தில் தோற்பவர் வேறு பக்கம் பறந்துவிடலாம். பேஸ் இருக்கும் உலகத்தில் அதை விட்டுவிட்டு ஓட முடியாது. சண்டைக்கு ஒரு இடமும் காரணமும் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

இழக்க முடியும் என்பது கத்திமுனை. நீங்கள் தூங்கும்போது யாராவது வந்து உடைத்துவிட்டால்? பல மாத உழைப்பு ஓர் இரவில் போனால் பாதிப் பேர் கேமையே விட்டுவிடுவார்கள். இந்தச் சிக்கலை ஈவ் கையாளும் விதம் கற்றுக்கொள்ளத்தக்கது. 2016இல் 'சிட்டடல்' அப்டேட்டில் வந்த ஸ்டேஷன்களைப் பொதுவாக ஒரே அடியில் வீழ்த்த முடியாது. கேடயத்தை உடைத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு யாரும் தொட முடியாத நிலைக்குப் போய்விடும். அடுத்த கட்டத்தை எப்போது தாக்க முடியும் என்பது, உரிமையாளர் தனக்கு வசதியாக முன்கூட்டியே குறித்துவைத்த நேரத்தை ஒட்டி வரும். ஆகவே தாக்குபவர் திரும்ப வரும் நாளும் நேரமும் இரு தரப்புக்கும் தெரியும். நண்பர்களைக் கூப்பிடலாம், கூட்டணிக்குச் செய்தி அனுப்பலாம். பெரும்பாலான பகுதிகளில், தோற்றாலும் உள்ளே வைத்திருந்த பொருள் ஒரு கட்டணத்தோடு வேறு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வார்ம்ஹோல் பகுதியில், அதாவது மாறிக்கொண்டே இருக்கும் குறுக்குவழிகள் வழியாகப் போய்ச் சேரும் மண்டலங்களில், மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் அதைத் தெரிந்துதான் குடியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எளிதாகக் கட்டலாம், இடிப்பது கடினம் என்றால் வானமெல்லாம் ஆளில்லாத ஸ்டேஷன்களாக நிறைந்துவிடும். ஈவ் அதையும் அனுபவித்தது. 2020இல் விதியை மாற்றினார்கள். ஒரு வாரம் எரிபொருள் போடாமல் விட்ட ஸ்டேஷன் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அதன் பிறகு அதை வீழ்த்துவது சுலபம், உள்ளிருக்கும் பொருளும் வீழ்த்தியவருக்குக் கொள்ளையாகக் கிடைக்கும். கவனிக்க ஆள் இருக்கும்வரைதான் பேஸ் என்பதை விதியாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

பராமரிப்பு எப்போது சுமையாகிறது

'எலைட் டேஞ்சரஸ்' 2014 டிசம்பரில் வந்தது. நம் பால்வீதியை அதே அளவில் உருவாக்கியது, ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று அதன் பிளேயர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2020 ஜூனில் ஃப்ளீட் கேரியர், அதாவது மற்ற கப்பல்களைச் சுமந்து போகும் ராட்சதக் கப்பல், வந்தது: 500 கோடி கிரெடிட் விலை, ஒரே தாவலில் 500 ஒளியாண்டு வரை போகும், மற்ற பிளேயர்களும் வந்து இறங்கலாம். வாராவாரம் பராமரிப்புச் செலவு உண்டு, கடன் ஏறிக்கொண்டே போனால் கேரியர் கைவிட்டுப் போய்விடும்.

இந்த வாராந்திரச் செலவு பற்றி எனக்கு உடன்பாடில்லை. வேலைப்பளுவால் சில மாதம் கேமைத் திறக்காதவர் திரும்பி வரும்போது, தன் சொத்து போயிருக்குமோ என்ற பயம் முதலில் வரக்கூடாது. தண்ணீரும் உணவும் கொண்டுவரச் சொல்லும் பேஸ் உங்களுக்கு ஒரு பயணத்தைத் தருகிறது. கணக்கிலிருந்து பணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பேஸ் எதையும் தருவதில்லை, வாடகை வாங்குகிறது. பராமரிப்பு என்ற ஒரே பெயரில் இரண்டும் வந்தாலும், ஆடும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனாலும் கேரியரை வைத்து ஆட்கள் செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். கேலக்ஸியின் தொலைவுகளுக்குக் கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது நடமாடும் பழுதுபார்க்கும் நிலையமாக இருக்கிறது. அதை நம்பிப் பலர் கிளம்புகிறார்கள்.

2025 பிப்ரவரியில் 'டிரெயில்பிளேசர்ஸ்' அப்டேட் இன்னும் ஒரு படி போனது. ஆளில்லாத நட்சத்திர மண்டலத்தைப் பிளேயரே உரிமை கோரி ஸ்டேஷன் கட்டலாம். மக்கள் வாழும் மண்டலம் ஒன்றின் அருகில் இருக்க வேண்டும், முதல் ஸ்டேஷனை நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். எஃகு, டைட்டானியம், அலுமினியம் என்று ஆயிரக்கணக்கான டன் தேவை. பெரிய ஸ்டேஷனுக்குப் பல பத்தாயிரம் டன். தனியாளாகச் சுமந்தால் ஒரே பாதையில் போய்ப் போய் வருவதே பொழுதாகிவிடும். ஆனால் கட்டுமான இடத்தில் யார் வேண்டுமானாலும் சரக்கை இறக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் கப்பல் நிறைய எஃகு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவதும், அவருடைய மண்டலத்துக்கு நீங்கள் பிறகு போய் உதவுவதும் இதனால் நடக்கிறது. ஒவ்வொரு மண்டலமும் அடுத்ததற்குப் படியாக அமைவதால், ஒருவர் கட்டியதை வைத்துத்தான் இன்னொருவர் தாண்டிப் போகிறார். யாருக்காவது தேவைப்படுவது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இங்கே வரைபடத்திலேயே தெரிகிறது.

எல்லோருக்கும் ஒரே பேஸ் பொருந்தாது

ரிச்சர்ட் பார்ட்டில் என்ற ஆய்வாளர் 1996இல் ஆன்லைன் பிளேயர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார்: சாதிக்க விரும்புபவர், தேடித் திரிபவர், பழக விரும்புபவர், மற்றவரை வீழ்த்த விரும்புபவர். ஆட்களை இப்படிப் பெட்டியில் அடைக்க முடியாது என்றாலும், பேஸ் பற்றி யோசிக்க இது உதவும். சாதிப்பவருக்கு பேஸ் ஒரு திட்டம். பழக விரும்புபவருக்கு அது திண்ணை. வீழ்த்த விரும்புபவருக்கு இலக்கு. தேடித் திரிபவருக்கு மட்டும் அது காலில் கட்டிய கல்லாகிவிடலாம். அவருடைய நோக்கம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, அடுத்த நட்சத்திரம் என்ற வடிவில். பேஸ் கட்டாதவருக்கு இங்கே இடமில்லை என்று ஒரு கேம் சொல்ல ஆரம்பித்தால், அந்த ஆளை இழந்துவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர் ஒரு கேமின் பேஸ் வசதி தனக்கு உதவுமா என்று பார்க்க, அதில் என்னவெல்லாம் கட்டலாம் என்ற பட்டியலைப் பார்ப்பதால் பெரிய பயனில்லை. கட்டிய பிறகு அங்கே யார் வருவார்கள், எதற்காக வருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு மாதம் வராவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். ஒன்றுமே ஆகாது என்றால் அது வீடு. கட்டும் மகிழ்ச்சிக்காகக் கட்டலாம். எல்லாமே போய்விடும் என்றால் உங்கள் நேரத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து ஆடும் கேம் என்றால் முதல் பேஸை நீங்களே கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்கெனவே பேஸ் நடத்தும் ஒரு குழுவில் சேர்ந்து, சில வாரம் அவர்களுக்கு எரிபொருளோ தாதுவோ கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தப் பொருளுக்கு அடிக்கடி தட்டுப்பாடு வருகிறது, எந்த வழியில் ஆபத்து, எந்த நேரத்தில் ஆள் குறைவு என்பதெல்லாம் அங்கேயே பிடிபடும். உங்கள் சொந்த ஸ்டேஷனை எங்கே வைக்கலாம் என்ற கேள்விக்கும் பெரும்பாலும் அந்த வாரங்களிலேயே பதில் கிடைத்துவிடும். அவர்களுக்கு எது எட்டாத தூரத்தில் இருக்கிறதோ, அதன் பக்கத்தில்.